காவலும் அறிவும்: ஒரு பண்டகசாலையைப் பற்றிய திறனாய்வு

மாளிகைகளைப் புகழ்ந்தவர் பலர். களஞ்சியங்களைப் புகழ்ந்தவர் மிகச் சிலர். கண்ணுக்கு விருந்தாகும் கோபுரத்தையும் குவிமாடத்தையும் போற்றும் உலகம், நெல்லையும் நூலையும் கருவியையும் காத்து நிற்கும் எளிய அறைகளை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஆயினும் ஒரு சமுதாயம் தன் முன்னோரிடமிருந்து பெற்றவற்றுள் எதைத் தன் பின்னோர்க்கு விட்டுச் செல்லும் என்பதைத் தீர்மானிப்பவை அந்த எளிய அறைகளேயாகும். ஜப்பான் நாட்டின் கடலோர நகராகிய தோபாவில் நிற்கும் அருங்காட்சியகப் பண்டகசாலை ஒன்றை இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம். நாட்டுப்புறக் கட்டட மரபிலிருந்து இக்காலத்தார் எதைக் கொள்ளலாம், எதைக் கொள்ளலாகாது என்பதற்கு அது தக்கதொரு சான்று.

இலக்கிய ஏட்டில் பண்டகசாலைக்கு என்ன இடம் என்று வாசகர் வினவக்கூடும். அரபு மொழியில் 'கஸன' என்னும் வினைச்சொல் சேமித்து வைத்தலைக் குறிக்கும். அதன் வழிப் பிறந்த 'மக்ஸன்' என்பது பண்டகசாலை; அதன் பன்மை 'மகாஸின்'. மத்தியதரைக் கடல் வாணிபத்தின் வழியே இத்தாலியர் நாவிலேறி, பிரெஞ்சு மொழியில் புகுந்து, ஆங்கிலத்தில் 'மாகஸின்' என நிலைத்தது இச்சொல்லே. 1731ஆம் ஆண்டில் லண்டனில் தோன்றிய 'ஜென்டில்மேன்ஸ் மாகஸின்' என்னும் ஏடு, பலவகை எழுத்துகளைச் சேர்த்து வைக்கும் களஞ்சியம் என்ற கருத்திலேயே அப்பெயரைச் சூடிக்கொண்டது. அதன் பின்னரே திங்கள் ஏடுகளுக்கெல்லாம் அப்பெயர் பொதுவாயிற்று. ஆகவே, ஏடும் பண்டகசாலையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றைப் பற்றி மற்றொன்றில் எழுதுவது முறையேயாம்.

எந்த அளவுகோலால் அளப்பது?

திறனாய்வுக்கு ஓர் அளவுகோல் வேண்டும். கட்டடக் கலைஞர் வடிவத்தையும், பொறியாளர் உறுதியையும், கணக்கர் செலவையும் கொண்டு அளப்பர். நாம் திருமறையின் யூசுஃப் அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். மிஸ்ரு நாட்டின் களஞ்சியப் பொறுப்பைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு மன்னரிடம் கேட்ட யூசுஃப் நபி (அலை) அவர்கள், அப்பொறுப்புக்குத் தமக்குள்ள தகுதிகளாகக் கூறியவை இரண்டே. ஒன்று, காக்கும் ஆற்றல், மற்றொன்று, அறிவு. குலத்தையோ வலிமையையோ அவர்கள் முன்வைக்கவில்லை. காவல் இருந்து அறிவு இல்லாவிடில் களஞ்சியம் பூட்டிய இருட்டறையாகும். அறிவு இருந்து காவல் இல்லாவிடில் அது வெறும் பட்டியலாகும்.

அதே அத்தியாயத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. செழிப்பான ஏழு ஆண்டுகளில் விளைவதில், உண்பதற்கு வேண்டிய சிறிதளவு போக எஞ்சியதைக் கதிரினின்று பிரிக்காமலே வைக்குமாறு அவர்கள் அறிவுரை கூறினார்கள். கதிரோடு கிடக்கும் தானியம் எளிதில் கெடாது என்பது விரிவுரையாளர் தரும் விளக்கம். ஒரு பொருளுக்கு அதன் சொந்த உமியே முதற் களஞ்சியம். நாம் எழுப்பும் சுவர் அதற்கு அடுத்ததுதான் என்னும் பாடத்தை நாம் இதிலிருந்து பெறுகின்றோம். காவல், அறிவு, பொருளின் இயல்பைத் தழுவி நிற்றல் ஆகிய இம்மூன்றுமே நமது அளவுகோல்.

நாராவின் பழங்களஞ்சியம்

தோபாவின் பண்டகசாலையை எடைபோடுமுன், அந்நாட்டின் மிகப் பழைய களஞ்சியத்தை அறிந்துகொள்வது நன்று. நாரா நகரில், தோதாய்ஜி என்னும் பௌத்த மடத்தின் வளாகத்தில் ஷோசோயின் நிற்கிறது. 756ஆம் ஆண்டில், மறைந்த தம் கணவர் ஷோமு பேரரசரின் உடைமைகளுள் 600க்கும் மேற்பட்ட பொருள்களை அரசி கோம்யோ அம்மடத்துக்குக் காணிக்கையாக்கினார். பிற்காலத்தில் சேர்ந்தவற்றையும் கூட்டி இன்று அங்கு ஏறத்தாழ 9,000 பொருள்கள் உள்ளன. பாரசீகத்திலிருந்து வணிகச் சாத்துகளின் வழியே சென்று சேர்ந்த கண்ணாடிக் கிண்ணமும் அவற்றுள் ஒன்று.

அக்களஞ்சியத்தின் வடிவம் அரண்மனையிலிருந்து வந்ததன்று. ஜப்பானிய உழவர் மிகத் தொன்மையான காலந்தொட்டு நெல்லைச் சேமிக்கக் கட்டிவந்த, கால்களின்மேல் உயர்த்திய குதிரே அதன் மூலம். 40 பருந்தூண்களின்மேல், தரையிலிருந்து சுமார் 2.7 மீட்டர் உயரத்தில் அதன் தளம் அமைந்துள்ளது. முக்கோண வடிவில் செதுக்கிய கட்டைகளைக் கிடைமட்டமாக அடுக்கி, மூலைகளில் ஒன்றோடொன்று கவ்வவிட்டுச் சுவராக்கியுள்ளனர். இம்முறைக்கு 'அஸெகுரா' என்று பெயர்.

மழைக்காலத்தில் கட்டைகள் ஊதி இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். வறண்ட காலத்தில் சுருங்கிக் காற்றை உள்ளே விடும். ஆகவேதான் பொருள்கள் கெடவில்லை என்றொரு விளக்கம் நெடுங்காலம் வழங்கிவந்தது. கேட்பதற்கு இனிய விளக்கந்தான். ஆனால் மேலே கனத்த கூரையின் பாரத்தைத் தாங்கி நிற்கும் கட்டைகள் அவ்வாறு திறந்து மூடுவதில்லை என்று பின்னாளைய ஆய்வாளர் மறுத்தனர். ஈரப்பதத்தை அளந்து பார்த்தபோது, கட்டடத்துக்குள் நிலவியதைக் காட்டிலும், பொருள்களை இட்டு வைத்த தேவதாருப் பெட்டிகளுக்குள்ளேதான் அது பெரிதும் மாறாமல் நிலைத்திருந்தது. உயர்ந்த தளம் நிலத்தின் ஈரத்தை விலக்கிற்று. கனத்த மரச்சுவர் வெப்பத்தைத் தணித்தது. மரப்பெட்டி எஞ்சியதைச் செய்தது. உறைக்குள் உறையாக அமைந்த இவ்வேற்பாடு, கதிருக்குள் தானியத்தை விட்டுவைத்த அறிவுரையையே நமக்கு நினைவூட்டுகிறது.

அறிவின் பங்கையும் இங்கே மறக்கலாகாது. அரசி காணிக்கை தந்தபோதே ஒவ்வொரு பொருளையும் குறித்த பட்டியலும் எழுதப்பட்டது; அப்பட்டியல் இன்றளவும் இருக்கிறது. கதவுகளுக்கு அரச முத்திரை இடப்பட்டது; அரச ஆணையின்றி எவரும் திறக்க முடியாது. ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் முத்திரை நீக்கி, பொருள்களைச் சோதித்து, மீண்டும் முத்திரையிடும் வழக்கம் இன்றும் நடைபெறுகிறது. 1180இலும் 1567இலும் அம்மடத்தின் பெருங்கூடம் போர்த்தீக்கு இரையாயிற்று. களஞ்சியம் தப்பி நின்றது. 1953இலும் 1962இலும் கட்டிய புதிய காப்பகங்களுக்குப் பொருள்கள் இடம் மாறிய பின்னரும், பட்டியலும் முத்திரையும் ஆண்டுச் சோதனையும் கைவிடப்படவில்லை. கட்டடம் மாறலாம், பொறுப்பு மாறலாகாது என்பதை அந்நாட்டார் அறிந்திருந்தனர்.

இதற்கு மாறான வழியும் அந்நாட்டிலேயே உண்டு. 1921இல் தோக்கியோவின் மெய்ஜி ஆலயத்துக்குக் கட்டிய பொருட்சாலை, அஸெகுராவின் தோற்றத்தைக் கான்கிரீட்டில் வார்த்தெடுத்தது. அது கம்பீரமான கட்டடம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், கட்டைகள் ஒன்றையொன்று கவ்வுவது மரவேலைக்கு வேண்டிய செயல். கான்கிரீட்டில் அது வெறும் அணியாகிவிடுகிறது. முன்னோரின் சொல்லை அப்படியே திருப்பிச் சொல்லிப் பொருளை விட்டுவிடுவதைப் போன்றது இது.

தோபாவின் பண்டகசாலை

இனி நம் பொருளுக்கு வருவோம். மியே மாநிலத்தின் தோபா, நம் கடற்கரை மக்களுக்கு முற்றிலும் அயலான ஊரன்று. 1893இல் மிக்கிமோத்தோ கோக்கிச்சி என்பார் சிப்பியை வளர்த்து முத்து விளைவிப்பதில் முதல் வெற்றி கண்டது அவ்வூர்க் கடலிலேதான். அவ்வளர்ப்பு முத்து உலகச் சந்தையை நிறைத்தபின், 1930களில் பாரசீக வளைகுடாவின் முத்துக்குளிப்பு நலிந்து போயிற்று. மன்னார் வளைகுடாவின் நம் கரையிலோ, சிப்பி வளம் குன்றி, 1961ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் முத்து வாணிபத்தால் வாழ்ந்த குடும்பங்களின் வழிவந்தோர்க்குத் தோபா என்ற பெயர் ஏதேனும் ஓர் உணர்வைத் தராமலிராது.

அப்பகுதியில் மூச்சடக்கி மூழ்கிக் கடல்படு பொருள்களை எடுப்போர் பெண்கள். 'அமா' என்பது அவர்களுக்குப் பெயர். அவர்களுடைய உளிகள், மிதவைத் தொட்டிகள், வெண்ணிற ஆடைகள், மீனவரின் வலைகள், தூண்டில்கள், மரப்படகுகள் ஆகியவற்றைத் திரட்டி 1971இல் கடல்மக்கள் அருங்காட்சியகம் நிறுவப்பட்டது. 1985இல் அத்திரட்டில் 6,879 பொருள்களை ஜப்பான் அரசு நாட்டின் முக்கிய நாட்டுப்புறப் பண்பாட்டுச் செல்வங்களாக அறிவித்தது. அவற்றுக்குத் தக்க பண்டகசாலை தேவைப்பட்டது. 1950இல் பிறந்த நைத்தோ ஹிரோஷி என்னும் கட்டடக் கலைஞரிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது.

காலத்தைக் கவனிக்க வேண்டும். 1980களின் பிற்பகுதியில் ஜப்பானில் நிலத்தின் விலை வானளாவ உயர்ந்தது. பளிங்கும் உலோகமும் மின்னும் ஆடம்பரக் கட்டடங்கள் எங்கும் எழுந்தன. இவ்வருங்காட்சியகத்திடமோ பணம் குறைவு. பண்டகசாலை 1989இல் முடிந்தது. காட்சிக் கூடங்கள் 1992இல்தான் முடிந்தன. இவ்வரிசையே நம் போற்றுதலுக்கு முதற்காரணம். பார்வையாளரை வரவேற்கும் கூடத்தை முதலில் எழுப்பி, பொருள்களை ஏதோ ஒரு மூலையில் அடைத்து வைப்பதே உலகில் பெருவழக்கு. 2011இல் இக்ரோம் என்னும் பன்னாட்டு நிறுவனம் நடத்திய ஆய்வு, உலக அருங்காட்சியகங்களின் பண்டகசாலைகளில் கிடப்பனவற்றுள் ஏறத்தாழ 60 சதவீதம் அழிவின் ஆபத்தில் இருப்பதாகத் தெரிவித்தது. தோபாவினரோ வீட்டைக் கட்டுமுன் குதிரைக் கட்டிய உழவரைப் போல் நடந்துகொண்டனர்.

வரைபடங்கள், நிழற்படங்கள் வழியே இக்கட்டடத்தைப் பயில்வோர்க்கு முதலில் புலனாவது அதன் அடக்கம். மீனவக் கிராமத்து வீடுகளைப் போன்ற சரிவான ஓட்டுக் கூரை. சுவரில் அணி எதுவுமில்லை. ஓட்டைத் தேர்ந்தது பழமையின்மேல் கொண்ட ஆசையினால் மட்டுமன்று. உப்புக் காற்று உலோகத் தகட்டை அரிக்கும். சுட்ட மண்ணை அரிப்பது அரிது. கிராமத்தார் நெடுங்காலமாக ஓட்டைக் கைவிடாததற்கும் இதுவே காரணம். ஆக, இங்கே வடிவத்தோடு காரணமும் உடன் வந்திருக்கிறது. மெய்ஜி ஆலயத்துப் பொருட்சாலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

உடலோ மரமும் மண்ணுமன்று, கான்கிரீட். ஆனால் அவ்விடத்திலேயே கலந்து ஊற்றியதன்று. தொழிற்சாலையில் அடர்த்தியாக வார்த்தெடுத்த பாகங்களைக் கொணர்ந்து பொருத்தி, எஃகுக் கம்பிகளை ஊடே செலுத்தி இழுத்து இறுக்கியிருக்கிறார்கள். உப்பும் ஈரமும் உட்புகுந்து கம்பியைத் துருவேற்றாதிருக்க இவ்வடர்த்தி வேண்டும். நாட்டுப்புறத்தார் கட்டும் 'குரா' என்னும் களஞ்சியத்தில் தீயையும் வெயிலையும் தடுக்கப் பருத்த மண்சுவர் எழுப்பிச் சுண்ணாம்பு பூசுவர். அப்பருமனின் வேலையை இங்கே கான்கிரீட் ஏற்றுக்கொண்டது. மரக்கட்டையின் உருவத்தையோ மண்சுவரின் உருவத்தையோ அது பூண்டுகொள்ளவில்லை. தான் கான்கிரீட் என்பதை மறைக்காமல் நிற்கிறது.

யாவற்றினும் சிறந்தது படகுகளைக் காக்கும் கூடம். அதன் தரை, பழைய பண்ணை வீடுகளில் உள்ளதைப் போன்ற மண்தரை. நீரிலேயே வாழ்ந்த மரப்படகை முற்றும் உலர்ந்த அறையில் வைத்தால் பலகை சுருங்கும், பொருத்துகள் விட்டுப்போகும், வெடிப்புகள் தோன்றும். மண்தரையோ வறண்ட நாளில் சிறிது ஈரத்தை விடும். ஈர நாளில் சிறிது உறிஞ்சிக்கொள்ளும். இயந்திரங்களைக் கொண்டு காற்றைக் குளிர்வித்து உலர்த்தி மாளாத செலவு செய்வதற்கு மாறாக, பொருளின் இயல்பறிந்து அதற்கு இசைந்த தரையை அமைத்தது அறிவின் செயல். தானியத்தைக் கதிரில் விட்டது போலப் படகை அதன் ஈரத்தில் விட்டார்கள்.

இக்கூடத்தின் கதவு பார்வையாளர்க்கும் திறந்திருக்கிறது. மேடைமேல் தனித்து நிற்கும் ஒரு படகைக் காண்பதும், நெருக்கமாக அடுக்கிய பல பத்துப் படகுகளினூடே நின்று ஊருக்கு ஊர் முகப்பும் அடிப்பலகையும் மாறுவதைக் காண்பதும் ஒன்றாகா. முன்னது காட்சி, பின்னது கல்வி. ஜப்பான் கட்டடக் கலைக் கழகம் 1993இல் இவ்வருங்காட்சியகத்துக்காக நைத்தோவுக்குப் பரிசளித்தது. பரிசு இல்லாவிடினும் நமது கருத்து மாறியிராது.

குறைகளும் உண்டு

புகழ்ந்து மட்டும் அமைவது திறனாய்வாகாது. நாட்டுப்புறக் கட்டடத்தின் உயிர் அதன் செப்பனிடலில் இருக்கிறது. மண்சுவர் விரிசல் கண்டால் ஊரார் மண் குழைத்துப் பூசுவர். ஓடு உடைந்தால் மாற்றுவர். ஆண்டுதோறும் கைபடுவதால் அக்கட்டடம் வாழ்கிறது; அதைக் கட்டும் அறிவும் ஊரில் வாழ்கிறது. தோபாவின் ஓட்டுக் கூரையைப் பொறுத்தவரை இது உண்மை. ஆனால் இறுக்கிய கம்பியோடு கூடிய கான்கிரீட் பாகம் பழுதுற்றால், உள்ளூர்க் கொத்தனாரால் அதில் கைவைக்க இயலாது. பொறியாளர் வரவேண்டும். கிராமத்திடமிருந்து கூரையின் அறிவைப் பெற்ற கட்டடம், சுவரின் அறிவைக் கிராமத்துக்குத் திருப்பித் தரவில்லை.

அடுத்து, இம்முறை எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது. கயிறும் வலையும் படகும் கடற்காற்றில் பிறந்து வளர்ந்தவை. சிறிதளவு ஈர மாறுதலை அவை பொறுக்கும். காகிதமும் தோலும் மையும் பொறுக்கமாட்டா. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நெடுநாள் நின்றாலே பூஞ்சணம் தலைகாட்டும். தோபாவின் மண்தரையைக் கண்டு மயங்கி நூலகத்துக்கும் மண்தரை போட எவரேனும் முற்பட்டால், அவர் வடிவத்தைக் கற்றார், முறையைக் கற்றிலர்.

மூன்றாவது குறை கட்டடத்தினுடையதன்று, காலத்தினுடையது. 1950களில் ஜப்பான் முழுதும் 17,000க்கு மேலிருந்த அமாக்கள், 2010 அளவில் 2,000ஐ ஒட்டிய தொகையினராகக் குறைந்தனர். 2017இல் தோபா, ஷிமா வட்டாரத்து அமாக்களின் மூழ்குமுறையை அரசு நாட்டின் முக்கிய நாட்டுப்புற மரபாக அறிவித்தது. அருங்காட்சியகமும் அவ்வாண்டே தோபா நகராட்சியின் பொறுப்புக்கு மாறியது. கருவிக்குக் காவல் கிடைத்துவிட்டது. கருவியை ஏந்தும் கைக்குக் கிடைக்கவில்லை. இதற்குக் கட்டடக் கலைஞர் பொறுப்பாளியல்லர். ஆயினும், பண்டகசாலை நிறைந்துவிட்டது என்பதனால் மரபு பிழைத்துவிட்டது என்று எவரும் மனநிறைவு கொள்ளலாகாது.

நாம் கொள்ளவேண்டியது

இத்திறனாய்வினால் நமக்கு என்ன பயன்? அரபுத் தமிழில் எழுதிய கிதாபுகள், மார்க்கச் சட்ட விளக்கங்கள், மாலைகள், முனாஜாத்துகள், கப்பற் கணக்குகள், கடிதங்கள் ஆகியவை நம் கடற்கரை ஊர்களின் வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. பெட்டகத்திலும் பரணிலும் அவற்றைப் பூச்சியரிக்கிறது; அரபெழுத்தில் தமிழைப் படிக்கவல்ல முதியோர் ஒவ்வொருவராக மறைகின்றனர். வீட்டை இடித்துக் கட்டும்போது, இன்னதென்று அறியாமல் அவற்றைக் கடலில் விடுவோரும் உளர். மண்ணில் புதைப்போரும் உளர். திருவசனங்கள் மிதிபடலாகாது என்னும் மரியாதையினாலேயே அவ்வாறு செய்கின்றனர். எண்ணம் தூயது, இழப்போ மீளாதது.

இதற்கு மருந்தாக நம்மவர் முதலில் எண்ணுவது கட்டடத்தையே. அடிக்கல் நாட்டு விழா, குவிமாடம், சலவைக்கல்லில் கொடையாளர் பெயர்கள் என்று தொடங்குகிறோம். உள்ளே வைப்பதற்கு என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, எந்நிலையில் இருக்கிறது என்ற வினா இறுதியில்தான் வருகிறது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பழம் பள்ளிவாசல்களை எழுப்பிய முன்னோர் இவ்வாறு செய்யவில்லை. இந்நாட்டுக் கல்தச்சரின் தூணையும் உத்திரத்தையும் தட்டைக் கூரையையும் ஏற்று, தொழுகைக்கு வேண்டியவாறு அவற்றை அமைத்துக்கொண்டனர். அரபு நாட்டின் தோற்றத்தைச் சிமெண்டில் வார்த்தால்தான் இஸ்லாமியக் கட்டடம் ஆகும் என்று அவர்கள் கருதியதில்லை.

ஆகவே முதலில் வேண்டியது பட்டியல். ஒவ்வோர் ஊரிலும் அரபும் தமிழும் அறிந்த இருவர் மூவர் வீடுவீடாகச் சென்று, நூலின் பெயர், ஆசிரியர், எழுதிய ஆண்டு, ஏடுகளின் எண்ணிக்கை, சிதைவின் அளவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். உடையவரிடமிருந்து நூலைப் பறிக்க வேண்டியதில்லை. அடுத்து வேண்டியது ஓர் அறை. தரையிலிருந்து உயர்ந்த தளம், பருத்த சுவர், நீண்டு தாழ்ந்த இறவாரம், நேர்வெயில் படாத சாளரம், சுவரைத் தொடாத மரப்பேழைகள், பேழைக்குள் துணிச்சுற்று ஆகிய இவை நம் ஊர்க் கொத்தனாரும் தச்சரும் நன்கறிந்தவையே. நெற்பத்தாயத்தைக் கால்வைத்துச் செய்த தச்சருக்கு நூற்பேழையைக் கால்வைத்துச் செய்யத் தெரியாதா? மூன்றாவது, ஆண்டுக்கொருமுறை ஜமாஅத்தார் முன்னிலையில் பேழைகளைத் திறந்து, பட்டியலோடு ஒப்பிட்டு, காற்றாட வைத்து மூடும் வழக்கம். வக்ஃபுச் சொத்தின் வரவு செலவைக் கேட்கும் கூட்டத்திலேயே இதையும் கேட்கலாம்.

அமானிதம் என்பது பிறர் பொருளை வாங்கி வைத்திருப்பது மட்டுமன்று; ஒப்படைக்க வேண்டிய நாளில் அதைக் கெடாமல் ஒப்படைப்பதுமாகும். முன்னோர் நம்மிடம் வைத்துச் சென்ற ஏடுகளைக் கேட்கப்போகிறவர்கள் நம் பேரப்பிள்ளைகள். வருகின்ற ரமலானுக்குமுன் தத்தம் வீட்டுப் பெட்டகத்தைத் திறந்து, உள்ளே இருப்பதை ஒரு தாளில் எழுதி வைக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.